அடிக்காமல் வந்த உண்மை

ஏட்டு அருள்சாமி தன் இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் ஒரு கைதியைக்கூட அடித்ததில்லை. இதைக் கேட்டு அவரைப் பெரிய மகான் என்று நினைத்துவிட வேண்டாம். மகான்களுக்கு அவ்வளவு பெரிய தொந்தியும், கருவாட்டுக் குழம்பைக் கண்டால் அப்படி ஒரு பரபரப்பும் இருக்காது. அடித்தால் பொய்தான் வரும் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷமே அவர் கண்ணால் பார்த்துவிட்டார். ஆடு திருடிய சந்தேகத்தில் பிடித்துவந்த ஒருத்தனை மூத்த கான்ஸ்டபிள் ஒருவர் மிதித்த மிதியில், அவன் அந்த ஆட்டோடு சேர்த்து இரண்டு எருமையும் ஒரு கோயில் மணியும் திருடியதாக ஒப்புக்கொண்டான். மணி கோயிலிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. ஆடு மறுநாள் காலை தானாகவே வீட்டுக்கு வந்து சேர்ந்தது. ஸ்டேஷனில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அருள்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை. அடிபட்டவனுக்கு அன்றிலிருந்து ஒரு காது கேட்காமல் போயிருந்தது.

அதற்குப் பிறகு அவர் தனக்கென்று ஒரு வழி வைத்துக்கொண்டார். செஞ்சியிலிருந்து சிங்கவரம் போகிற ரோட்டில் ஒரு சின்ன அந்தோணியார் கோயில். செவ்வாய்க்கிழமை ஆனால் வேதக்காரர்களான கிறிஸ்தவர்களைவிட மற்றவர்கள்தான் அங்கே அதிகம். மாடு தொலைந்தாலும், நகை காணாமல் போனாலும், பிள்ளைக்குப் பேய் பிடித்தாலும் அந்தோணியார்தான். அங்கே சத்தியம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. மெழுகுதிரியைக் கொளுத்தி, சொல்ல வேண்டியதைச் சொல்லி, எரிகிற திரியை வெறும் விரலால் நசுக்கி அணைக்க வேண்டும். பொய் சொல்லி அணைத்தவன் வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் விளக்கேற்ற ஆள் இருக்காது என்று சுற்றுப்பட்ட ஊர்களில் எல்லாச் சாதிக்காரர்களும் நம்பினார்கள். பங்குச் சாமியார் மட்டும் இதைக் கேட்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்வார்.

அருள்சாமி இந்த முறையில் தன் பங்குக்கு ஒன்றைச் சேர்த்தார். கைதிக்கு முன்னால் அவர் ஒரு திரி கொளுத்துவார். "நெசத்தச் சொல்லிட்டா உம் மேல ஒரு கை படாது. பட்டா என் வூட்டு வெளக்கு அணையட்டும்" என்று சொல்லித் தன் விரலால் நசுக்குவார். பிறகுதான் கைதியின் முறை. ஒரு போலீஸ்காரன் தன் குடும்பத்தையே பணயம் வைத்துக் கேட்கும்போது எப்பேர்ப்பட்ட திருடனுக்கும் வாயில் பொய் வராது. அப்படி எத்தனையோ மாடும் நகையும் சொந்தக்காரர் கைக்குத் திரும்பின. ஊரில் அவருக்கு அந்தோணியார் ஏட்டு என்றே பெயர். அவருக்கும் அதில் கொஞ்சம் கர்வம்தான்.

1942 ஆகஸ்டு மாதம் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்ட சேதி வந்த பத்துப் பன்னிரண்டு நாளில், செஞ்சிக்கு வருகிற தந்திக் கம்பியை யாரோ நாலு இடத்தில் வெட்டிப் போட்டார்கள். ஊர் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டது. அருள்சாமிக்கும், காக்கிச் சட்டைக்கு அடியில், துளி சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் அடுத்த வியாழக்கிழமை விடியும் நேரத்தில் திண்டிவனம் ரோட்டில் ஓடைப்பாலம் வெடித்தது. பட்டாள லாரிக்கு வைத்த குறி. லாரி வரவில்லை. மல்லாட்டை என்கிற நிலக்கடலை மூட்டை ஏற்றிக்கொண்டு விநாயகம் என்கிற வண்டிக்காரன் வந்தான். அருள்சாமி போய்ப் பார்த்தபோது ரோடெல்லாம் மல்லாட்டை சிதறிக் கிடந்தது. ஒரு மாடு உயிரோடு இருந்து கத்திக்கொண்டிருந்தது. விநாயகத்தைக் கோணிப்பையில் கூட்டி எடுக்க வேண்டியிருந்தது.

விசாரணைக்கு வெளி ஜில்லாவிலிருந்து இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு பத்து ஆட்களோடு வந்து இறங்கினார். குடிக்க மாட்டார், கெட்ட வார்த்தை பேச மாட்டார், சாப்பிட்ட இலையைத் தானே எடுப்பார். இந்த மாதிரி ஆளைப் பார்த்து அருள்சாமிக்கு முதலில் நிம்மதிதான். ஸ்டேஷனில் இடம் போதாது என்று கோட்டைக்குள் இருந்த பழைய நெற்களஞ்சியத்தில் கேம்ப் போட்டார். மூன்றடி கனத்துக்குச் சுவர். உள்ளே ஒருவன் தும்மினால் வளைகூரையில் நாலு தடவை உருண்டு வரும். வெளியே பத்தடி தள்ளி நின்றால் ஒன்றும் கேட்காது. அதற்காகத்தான் அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்தார் என்பது அருள்சாமிக்குப் பிறகுதான் உறைத்தது.

திங்கட்கிழமை அவர்கள் பிடித்துவந்த ஆள் சிங்கவரத்துப் பச்சமுத்து. கம்பி வெட்டிய அன்று அவனைத் தந்திமரத்துப் பக்கம் பார்த்ததாக யாரோ சொல்லியிருந்தார்கள்.

அருள்சாமிக்குப் பச்சமுத்து வேற்று ஆள் இல்லை. அவன் வீட்டு நிலமும் அருள்சாமி வீட்டு நிலமும் ஒட்டியிருந்தன, இரண்டுக்கும் ஒரே கிணறு. முறை வைத்து இறைப்பார்கள். சின்ன வயசிலிருந்து அவன் இவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். அதோடு போனாலும் பரவாயில்லை. அருள்சாமியின் சொந்த அண்ணன் பிலவேந்திரன் மாதா திருநாளுக்கு அதிர்வேட்டுப் போடுகிறவர். அந்த வருஷத் திருநாளுக்கு வாங்கிய வேட்டு மருந்தில் அரை டின் மிச்சமாகி வீட்டுப் பரண்மேல் இருந்தது. பாலம் வெடித்த அன்றே அருள்சாமி பதறிப்போய் அண்ணனிடம் சொல்லி, அந்த டின்னைக் கல் கட்டிக் கிணற்றில் போட வைத்தார். போட்டபோது பச்சமுத்து ஏற்றத்தின்மேல் நின்றிருந்தான். பார்த்தான். ஒன்றும் கேட்கவில்லை.

அருள்சாமி இன்ஸ்பெக்டர் முன்னால் போய் நின்றார். "ஐயா, எனக்கு ஒரு நாள் குடுங்க. நாளைக்குச் செவ்வாக்கெழம. அடிக்காம நான் கேட்டு வாங்கித் தர்றேன்."

துரைக்கண்ணு இவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஏட்டு, இன்னொரு பாலம் வெடிக்கிறதுக்குள்ள எனக்கு ஆள் வேணும். போன வாரம் எங்க ஜில்லாவுல என் கான்ஸ்டபிள் ஒருத்தன் குண்டுல போயிட்டான். கல்யாணமாகி ஆறு மாசம். அவன் பொண்டாட்டிகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன்."

"அதுக்குத்தாங்கய்யா சொல்றேன். அடிச்சா அவன் வாய்க்கு வந்ததச் சொல்லுவான். அத நம்பி நாம ஒரு பக்கம் ஓடுனா, வெடி வைக்கிறவன் இன்னொரு பக்கம் வைப்பான்."

"சரி, செய்யும்" என்றார் இன்ஸ்பெக்டர்.

"ஐயாவும் வந்து ஒரு திரி அணைக்கணும். கேம்ப் உங்களுது. என் சத்தியம் மட்டும் போதாது."

இங்கேதான் அருள்சாமி தவறினார். அந்தோணியாரிடம் பயந்து பயந்தே வளர்ந்த ஒரு ஆள்தான் இந்தத் தவறைச் செய்ய முடியும். அந்தத் திரியைத் தொட்டவனை எல்லாம் அது கட்டிவிடும் என்று அவர் நம்பினார். கட்டுவது திரி இல்லை, தொடுகிறவனின் பயம்தான் என்பது அவர் புத்திக்கு எட்டவில்லை. சுற்றுவட்டாரத்தில் பயமில்லாத ஆளை அவர் பார்த்ததே இல்லையே.

செவ்வாய்க்கிழமை காலை துரைக்கண்ணு பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுக் கோயிலுக்குள் வந்தார். கூட்டத்தை வெளியே நிறுத்தியிருந்தார்கள். அருள்சாமி சொல்லிக்கொடுத்த வார்த்தையை அப்படியே திருப்பிச் சொன்னார். உண்மையைச் சொன்னால் இவன்மேல் ஒரு கை படாது, பட்டால் என் வீட்டு விளக்கு அணையட்டும். விரலால் நசுக்கினார். முகம் சுளிக்கக்கூட இல்லை. விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, "நான் இருந்தா அவன் பேசமாட்டான்" என்று வெளியே போய்விட்டார். அருள்சாமி நெகிழ்ந்துபோனார். மேலதிகாரி என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நினைத்தார்.

பிறகு அருள்சாமியும் தன் திரியை அணைத்தார். பச்சமுத்து கைவிலங்கோடு எதிரே நின்றான்.

"அண்ணே, நெசமாவே அடிக்க மாட்டாங்களா?"

"உன் கண்ணெதிர்லதானடா அவரும் அணைச்சாரு, நானும் அணைச்சேன். எனக்கு ரெண்டு பொண்ணு இருக்குது. அதுங்க மேல ஆணையா சொல்றேன்."

பச்சமுத்து திரியைக் கொளுத்தினான். "கம்பி வெட்டுனது நான்தான். அதுக்கு ஜெயிலுக்குப் போறேன், எனக்கு ஒண்ணும் வெக்கமில்ல. பாலத்துக்கும் எனக்கும் சம்பந்தமில்ல. வாத்தியார்னு ஒரு ஆளு வந்தாரு. எந்த ஊருன்னு தெரியாது. பாலத்துக்குக் கூட வாடான்னாரு. ஆளு யாருக்கும் ஒண்ணும் ஆவாது, பட்டாள லாரி போவாம வழிய மறிக்கிறதுதான்னாரு. நான் மாட்டேன்னுட்டேன். இப்ப விநாயகம் செத்துட்டான். அவன் பொண்டாட்டி அழுவுறதக் கேட்டுட்டு அஞ்சு நாளா எனக்குச் சோறு எறங்கல. அந்த ஆளு என்னை ஏமாத்திட்டாருண்ணே."

"இப்ப அவரு எங்க?"

"தொண்டூர்ப் பாறையில. அந்தக் காலத்துச் சமணச் சாமியாருங்க கல்படுக்க இருக்குது பாரு, அதுல படுத்துக்குனுகீறாரு. சாமானும் அங்கதான். இன்னும் நாலஞ்சு நாள் இருப்பேன்னாரு."

திரியை நசுக்கினான். அருள்சாமி அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார். அவருக்குக் கண் கலங்கியது. இத்தனை வருஷத்தில் கோயில் தந்ததிலேயே இதுதான் பெரிய உண்மை என்று தோன்றியது. ஒரு உயிர் அல்ல, பத்து உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று நினைத்தார். அவர் நினைத்தது சரிதான். தொண்டூர் மிஞ்சினால் மூன்று மணி நேர நடை. சாயங்காலத்துக்குள் ஆளையும் சாமானையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வந்திருக்கலாம்.

கேம்ப் வாசலில் துரைக்கண்ணு எல்லாவற்றையும் கேட்டார். எழுதியும் கொண்டார். பிறகு, "இவ்வளவு சுளுவா வந்துச்சுன்னா இது மேல்தண்ணி ஏட்டு. கீழே ஊத்து இன்னும் இருக்கு" என்றார்.

"ஐயா, அவன் சொன்னது நெசங்க. ஆளு அங்க இருக்கான். இப்பவே போனா..."

"என்னை அங்க தொண்டூருக்கு அலைய விட்டுட்டு இங்க அடுத்த பாலத்துக்கு வழி பண்றானோ என்னவோ. மெழுகுவத்திக்குப் பயந்து எவன் கூட்டாளியைக் காட்டிக்கொடுப்பான்? அடிபடாம வந்த சேதிய நம்பி நான் பத்து பேரை அனுப்ப முடியாது." அவர் கான்ஸ்டபிள்களைப் பார்த்துத் தலையை அசைத்தார். இரண்டு பேர் பச்சமுத்துவைக் களஞ்சியத்துக்குள் இழுத்தார்கள்.

பச்சமுத்து திரும்பி அருள்சாமியைப் பார்த்தான். கத்தவில்லை. இதில் ஏதோ தப்பு நடந்துவிட்டது, அண்ணன் சரிபண்ணிவிடுவார் என்பது போலப் பார்த்தான்.

"ஐயா, சத்தியம் பண்ணீங்க!" அருள்சாமி இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக மேலதிகாரியின் முன்னால் சத்தம் போட்டார். "அந்தோணியார் முன்னாடி நின்னு பண்ணீங்க!"

துரைக்கண்ணு கோபப்படவில்லை. அதுதான் கொடுமை. சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார். "அது உம்ம வழி. ஒரு நாள் கொடுத்தேன். இனிமே என் வழி." கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார். "அப்புறம் ஏட்டு, உங்க கோயில் திருநாளுக்கு வேட்டுப் போடறவர் உம்ம அண்ணனாமே? மிச்ச மருந்து எங்க இருக்குன்னு நான் இன்னும் உம்மைக் கேக்கலை. மூணு நாள் லீவு எடுத்துக்கும்."

அருள்சாமியின் வாய் அத்தோடு மூடிக்கொண்டது.

புதன்கிழமை காலை அவர் தாலுகா ஆபீஸ் வரைக்கும் போனார். தாசில்தாருக்கு மாஜிஸ்திரேட் அதிகாரம் உண்டு. கொஞ்சம் நியாயஸ்தர். ஒரு வார்த்தை காதில் போட்டால் களஞ்சியத்துக் கதவு திறக்கும். வாசலில் புளியமரத்தடியில் நின்றார். உள்ளே போய் என்ன சொல்வது? ஒருத்தனை அடிக்கிறார்கள் என்றா? அவன் யார், அவனுக்கும் உனக்கும் என்ன சம்பந்தம், உன் வீட்டு மருந்து எங்கே என்று தாசில்தார் கேட்டால்? கிணற்றுக்குள் போட்டோம் என்றா சொல்வது? அண்ணனை இழுத்துக்கொண்டு போவார்கள். அதே களஞ்சியம், அதே லத்தி. அண்ணனுக்கு அறுபது வயசு. ஒரு நாள் தாங்க மாட்டார். டவாலிச் சேவகன் வெளியே வந்து, "இன்னா ஏட்டய்யா, வெயில்ல நிக்கிறீங்க?" என்று கேட்டான். "சும்மாதான்" என்று சொல்லிவிட்டு அருள்சாமி திரும்பி நடந்தார்.

வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை. தெருவில் பூட்ஸ் சத்தம் கேட்டாலெல்லாம் பச்சமுத்து சொல்லிவிட்டான், வந்துவிட்டார்கள் என்று எழுந்து நிற்பார். பார்த்தது அவன் ஒருத்தன்தானே. லாடம் கட்டினால், உள்ளங்காலில் லத்தி விழுந்தால், எந்த மனுஷன் சொல்லாமல் இருப்பான்? சொன்னாலும் அவனைக் குற்றம் சொல்ல முடியுமா? மனைவி லூர்துமேரி என்னவென்று கேட்டாள். எரிந்து விழுந்தார்.

வியாழக்கிழமை காலையில் அந்தோணியார் கோயிலுக்குப் போனார். கூட்டமே இல்லை. முட்டிபோட்டார். பச்சமுத்துவுக்காக வேண்டிக்கொள்ளத்தான் போனார். நம்பலாம், அப்படித்தான் வீட்டை விட்டுக் கிளம்பினார். ஆனால் முட்டிபோட்டதும் வாயில் வந்தது வேறு. அண்ணன் பேர் வரக்கூடாது அந்தோணியாரே, எங்க வூட்டுப் பேர் வரக்கூடாது. மத்தியானம் வரைக்கும் இதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

வேண்டுதல் பலித்தது. வெள்ளிக்கிழமை களஞ்சியத்திலிருந்து வாக்குமூலம் வந்தது. நீளமான வாக்குமூலம். பச்சமுத்து ஏழு பேரைக் காட்டிக் கொடுத்திருந்தான். அவன் பங்காளி தனகோட்டி பாலத்துக்கு மருந்து வைத்தான், பனமலையில் இரண்டு பேர் காவல் நின்றார்கள், கல் உடைக்கிறவர்கள் மருந்து கொடுத்தார்கள் என்று ஒரு பெரிய கதை. ஏழில் ஒருத்தருக்கும் பாலத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது. தனகோட்டிக்கும் பச்சமுத்துவுக்கும் வரப்புத் தகராறு. அடிபடும்போது அவன் பேர்தான் முதலில் வாயில் வந்திருக்க வேண்டும். வீடு வீடாகப் புகுந்து ஏழு பேரையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். அருள்சாமியின் தெருவுக்கு மட்டும் யாரும் வரவில்லை. அந்தோணியார் காப்பாற்றிவிட்டார் என்று அருள்சாமி நன்றிக்கு ஒரு கட்டுத் திரி வாங்கிக் கொளுத்தினார்.

ஏழு பேரையும் அடித்துப் பார்த்தும் அவர்கள் சொன்னது ஒன்றுக்கொன்று ஒட்டவில்லை. கடைசியில் ஞாயிற்றுக்கிழமைதான் இன்ஸ்பெக்டருக்குத் தொண்டூர் ஞாபகம் வந்தது. போனார்கள். கல்படுக்கையில் பீடித் துண்டும் கருவாட்டு முள்ளும் கிடந்தன. ஒரு பழைய வெடிப்பெட்டியின் பலகை கிடந்தது. சனிக்கிழமை வரைக்கும் ஒருத்தர் அங்கே படுத்திருந்தார் என்று ஆடு மேய்க்கிறவர்கள் சொன்னார்கள்.

செவ்வாய்க்கிழமை திருவண்ணாமலை ரோட்டில் இன்னொரு பாலம் வெடித்தது. புல் அறுத்துக்கொண்டு வந்து பாலத்துக் கட்டைமேல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்த காத்தாயி என்கிற பொம்பளை செத்துப்போனாள். பட்டாள லாரி அன்றைக்கும் வரவில்லை. வாத்தியார் என்கிற அந்த ஆளை அதற்கப்புறம் யாரும் எங்கேயும் பிடிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் துரைக்கண்ணு, தீவிர விசாரணையின் பலனாக எட்டுப் பேர் பிடிபட்டார்கள் என்று மேலே எழுதினார். அவருக்குப் பதவி உயர்வு வந்தது. அவர் வீட்டு விளக்கும் அணையவில்லை. நன்றாகவே எரிந்துகொண்டிருந்ததாகக் கேள்வி. ஜட்ஜு மட்டும் வாக்குமூலத்தைப் படித்துப் பார்த்து, இது அடித்து வாங்கினது என்று பாலம் வெடித்த கேஸைத் தள்ளிவிட்டார். அந்தத் தீர்ப்பு வருவதற்குள் தனகோட்டி ரிமாண்டில் சீதபேதி கண்டு செத்துப்போயிருந்தான். பச்சமுத்துவுக்குக் கம்பி வெட்டியதற்கு இரண்டு வருஷம்.

அருள்சாமி வேலையை விட்டார். தன்னை ஒரு மனுஷன் இப்படி ஏமாற்றிவிட்டானே என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார். "சாமி முன்னாடி சத்தியம் பண்ணிட்டு முதுகுல குத்திட்டான்" என்பார். கேட்கிறவர்கள் உச்சுக் கொட்டுவார்கள். பாவம், நல்ல மனுஷன், மோசம் போயிட்டாரு என்பார்கள். இரண்டு வருஷம் அந்த வார்த்தையைக் கேட்டுக் கேட்டு அவருக்கே அது முழு உண்மை என்று ஆகிவிட்டது. மோசம் போனவர்கள் வரிசையில் முதல் ஆளாகத் தன்னையே வைத்துக்கொண்டார்.

1944 ஐப்பசியில் பச்சமுத்து திரும்பி வந்தான் என்று கேள்விப்பட்டதும் அருள்சாமி போய்ப் பார்க்கவில்லை. இரண்டு வாரம் கழித்துத்தான் துணிவு வந்தது. போய் எல்லாவற்றையும் எடுத்துச் சொல்ல வேண்டும், அந்த இன்ஸ்பெக்டர் நம் இரண்டு பேரையும் எப்படி மோசம் பண்ணினான் என்று சொல்ல வேண்டும், இரண்டு பேரும் சேர்ந்து அழுதால் நெஞ்சில் இருக்கிற பாரம் இறங்கும் என்று நினைத்துக்கொண்டு போனார்.

காலை வெயிலில் பச்சமுத்து மல்லாட்டைச் செடி பிடுங்கிக்கொண்டிருந்தான். வலதுகையில் மூன்று விரல் மடங்கவில்லை. இடதுகையால் பிடுங்கி, வலதுகையால் அணைத்து, மண்ணை உதறினான். அடுத்த செடிக்கு நகரும்போது கால் இழுத்தது. அவன் மனைவி ரத்தினம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். இவரைப் பார்த்ததும் எழுந்து கூடையை எடுத்துக்கொண்டு வயலின் அந்தக் கோடிக்குப் போய்விட்டாள்.

"வாங்க ஏட்டய்யா" என்றான் பச்சமுத்து.

அண்ணே என்று இல்லை. அருள்சாமிக்கு அங்கேயே பாதி பேச்சு வற்றிவிட்டது. வரப்பில் உட்கார்ந்து, வரும்போது மனப்பாடம் பண்ணியதை ஒருவாறு சொல்லி முடித்தார். "அந்த ஆளு நம்ம ரெண்டு பேரையும் ஏமாத்திட்டான்டா பச்சமுத்து. சத்தியம் பண்ணிட்டு மாறுவான்னு நான் கனவுலயும் நெனக்கல."

பச்சமுத்து செடியை உதறிக்கொண்டே சொன்னான். "அவரு மேல எனக்கு ஒண்ணும் இல்ல ஏட்டய்யா. அவரு அடிக்கிற ஆளு, அடிச்சாரு. மொத நாளே தொண்டூர், தொண்டூர்னுதான் கத்துனேன். நம்பல. அப்புறம் அவரு எதக் கேட்டாரோ அதச் சொன்னேன். தனகோட்டி பேரச் சொன்னேன். அவன் பேரச் சொல்றதுக்கு இந்த வெரலு ஒண்ணு போதுமா இருந்துச்சு. அவன் பொண்டாட்டி இப்ப தண்ணி எடுக்க இந்தப் பக்கம்தான் வர்றா. நான் தலை நிமுர்றதில்ல."

பச்சமுத்து அடுத்த செடிக்கு நகர்ந்தான்.

"மூணாம் நாள், வியாழக்கெழம, ஒரே ஒரு கேள்விதான் கேட்டுக்குனு இருந்தாரு. மருந்து ஏட்டு வூட்டு மருந்தான்னு. ஆமான்னு ஒரு வார்த்த சொல்லு, இப்பவே வுட்டுடறேன்னாரு. காலைல ஆரம்பிச்சது. பொழுது சாயிற வரைக்கும் அது ஒண்ணுதான். இந்த ரெண்டு வெரலும் அன்னிக்குப் போனதுதான்." தூரத்தில் கிணற்றைப் பார்த்தான். "டின்னு போட்டத நான் பாத்தேன் இல்ல."

"நீ சொல்லலியா?" என்றார் அருள்சாமி.

"சொல்லல."

"ஏன்டா? ஏழு பேர் பேரச் சொன்னியே. எம் பேர மட்டும் ஏன்டா சொல்லல?"

பச்சமுத்து இப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தான். இதைக்கூடவா கேட்பார்கள் என்பது போலப் பார்த்தான். "நீங்க வெளியில இருக்கீங்கன்னு நெனச்சேன். எப்படியும் தாசில்தாரைக் கூட்டியாந்துடுவீங்கன்னு நெனச்சேன். உங்களையும் உள்ள போட்டுட்டா எனக்குன்னு அப்புறம் யாரு வருவா? கதவு தொறக்குற சத்தம் கேக்குறப்பல்லாம் நீங்கதான்னு பாத்துக்குனு இருந்தேன்."

வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அருள்சாமிக்கு எழுந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

"அன்னிக்கு நீங்க எங்க இருந்தீங்க?" என்று பச்சமுத்து கேட்டான். கோபமாகக் கேட்கவில்லை. இரண்டு வருஷமாகத் தெரிந்துகொள்ள நினைத்த ஒன்றைக் கேட்டான்.

பொய் சொல்லலாம். தாசில்தார் ஆபீஸ் வரைக்கும் போனேன், உள்ளே விடவில்லை என்று சொன்னால் நம்பிவிடுவான். அவன் நம்புகிற ஆள்தான். அருள்சாமியால் முடியவில்லை.

"கோயில்ல இருந்தேன்" என்றார்.

"எனக்காவவா?"

"இல்லடா." அவர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "எங்கண்ணன் பேரு வந்துடக்கூடாதுன்னு வேண்டிக்குனு இருந்தேன்."

பச்சமுத்து குனிந்து, அடுத்த செடியை இடதுகையால் பிடித்தான்.

"பேரு வரல இல்ல?" என்றான்.